பனிக்குப் பயந்து மூடிய இருபத்திரண்டு டிரம்

இந்தத் தடவை ஒன்பது பேர் போகிறீர்கள் என்று அதிராம்பட்டினம் ஏஜென்ட் ஆபீசில் பாய் சொன்னார். யாரும் இதுவரை யுரேனியச் சுரங்கத்தைப் பார்த்ததில்லையாம். "நீங்க பதினோரு வருஷம் டிரம் ரூம்ல கிடந்தவரு. ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க, பிளேன்ல படிச்சிட்டுப் போகட்டும்" என்றார். நான் ஏழாவது வரை படித்தவன். ரெண்டு பக்கம் எனக்குப் பெரிசு. எழுத உட்கார்ந்தேன், அதற்கு மேலேயே போய்விட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெஷின் ஓட்டுவது, மாஸ்க் போடுவது எல்லாம் எழுதப் போவதில்லை. போனதும் வகுப்பு வைத்துச் சொல்லித் தருவார்கள். வாரம் ஒரு முறை சின்ன பாட்டிலைக் கொடுத்து மூத்திரம் கேட்பார்கள். வெட்கப்படாதீர்கள். பொடி மூக்கு வழியாக உள்ளே போயிருந்தால் அதில்தான் தெரியும். கையில் பட்டால் கழுவிவிடலாம். உள்ளே போனால் சிறுநீரகத்துக்குக் கெடுதல். அதற்குத்தான் மாஸ்க். ஊரில் எல்லோரும் குண்டு செய்யும் பொடியா என்று கேட்பார்கள். கரண்ட் எடுக்கிற பொடி என்று சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்க வேண்டாம், அவர்கள் கேட்க மாட்டார்கள்.

இன்னொன்று. எதையும் எடுத்து வராதீர்கள். நாங்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து போனோம். அதில் ஒருவன், மகனுக்குக் காட்டலாம் என்று பட்டாணி அளவு கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கேட்டில் மெஷின் கத்தியது. அடுத்த விமானத்தில் ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். பதினோரு பேர் ஆனோம். அதிலிருந்து எங்கள் ஆட்களுக்கு ஒரு பயம் உண்டு. சின்னத் தப்புக்கும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். நான் சொல்லப் போகிற விஷயத்தில் அந்தப் பயமும் கலந்திருக்கிறது.

இடம் ஆப்பிரிக்காவில் ஒரு பாலைவனம். கடலை ஒட்டியே பாலைவனம். மழை கிடையாது. ஆனால் விடியற்காலையில் கடலிலிருந்து பனி வரும். எதிரே நிற்கும் ஆள் தெரியாது. முகத்தைத் துடைத்தால் கை நனையும். மழையே பெய்யாத இடத்தில் இவ்வளவு ஈரமா என்று முதல் வாரம் எனக்கு ஆச்சரியம்.

கல்லை வெட்டி, அரைத்து, அமிலத்தில் கரைத்து, கடைசியில் மஞ்சள் பொடியாக எடுப்பார்கள். ஒரு டன் கல்லுக்கு ஒரு கைப்பிடி பொடி வரும். அதைக் காயவைத்து டிரம்மில் நிரப்புவது நம் வேலை. நம் ஊர் டீசல் டிரம் அளவுதான். நிரம்பினால் பத்து நெல் மூட்டை கனம். முதல் தடவை உருட்டப் பார்த்து, அசையாமல், நான் சுற்றும் முற்றும் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. யாரோ பின்னால் பிடித்துக்கொண்டு விளையாடுகிறான் என்று நினைத்தேன்.

அதற்கு முன் நான் ஒரத்தநாடு பக்கம் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கினவன். கனமும் ஈரமும்தான் எனக்குத் தெரிந்த இரண்டு விஷயம்.

போன நாளிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. இதை யார் வாங்குகிறான்? எங்கே விலை பேசுகிறான்? நெல் என்றால் நிலையத்துக்கு வருகிறது, வியாபாரி வருகிறான், தெரிகிறது. இங்கே நாங்கள் டிரம்மை மூடுவோம், கன்டெய்னரில் ஏற்றுவோம், லாரி துறைமுகத்துக்குப் போகும். அவ்வளவுதான். வாங்குகிறவன் மூஞ்சியைப் பார்த்ததே இல்லை.

என் மனைவியின் தம்பி குமாரும் கூட இருந்தான். நான்தான் பாயிடம் சொல்லி அழைத்துப் போனேன். "சம்பளம் வருதுல்ல மாமா. எவன் வாங்கினா என்ன, தின்னா என்ன" என்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

பதில் சொன்னது ஆய்வகத்தில் வேலை பார்த்த ஒரு பெண். அந்த நாட்டுக்காரி. என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஒவ்வொரு டிரம்மிலும் மாதிரி எடுக்க வருவாள். நாங்கள் கிலோவில் எடை போடுவோம், அவள் எல்லாவற்றையும் பவுண்டில் சொல்வாள். உலகத்தில் இந்தப் பொடிக்கு விலை பேசுவது பவுண்டு எடைக் கணக்கில்தானாம். அதனால் நாங்கள் அவளுக்குப் பவுண்டம்மா என்று பெயர் வைத்தோம். அவளுக்கும் அது தெரியும். கூப்பிட்டால் திரும்புவாள்.

அரைகுறை இங்கிலீஷில் கேட்பேன். அவள் பழைய தாளின் பின்பக்கம் படம் போட்டுச் சொல்வாள். ஒரு நாளில் சொன்னதில்லை. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னது இது.

சந்தை என்று ஒரு இடம் கிடையாது. விற்கிறவர்கள் கொஞ்சப் பேர், வாங்குகிறவர்கள் கொஞ்சப் பேர். போனில் பேசிக்கொள்வார்கள். ரெண்டு மூணு ஆபீஸ்கள் இருக்கின்றன. அவர்கள் பொடியைத் தொடுவதே இல்லை. யார் எவ்வளவுக்குப் பேசினார்கள் என்று விசாரித்து ஒரு எண்ணை வெளியிடுவார்கள். அதுதான் விலை. ஆனால் பெரும்பாலான சரக்கு அந்த விலைக்குப் போவதில்லை. மின்நிலையக்காரர்கள் பல வருஷத்துக்கு முன்னாலேயே ஒப்பந்தம் போட்டுவிடுவார்கள். அது போக மிச்சச் சரக்குதான் அந்த எண்ணோடு ஏறி இறங்கும்.

விலை ஏறினால் வாங்க மாட்டானா என்று கேட்டேன். வாங்குவான் என்றாள். மின்நிலையம் கட்டுகிற செலவோடு பார்த்தால் எரிபொருள் செலவு கொஞ்சம்தான். அவன் பயப்படுவது விலைக்கு இல்லை, சரக்கு வராமல் போவதற்கு. அதனால் சொன்ன தேதியில் சொன்ன இடத்தில் டிரம் இருக்க வேண்டும். இந்தத் தேதி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கி எரிக்காமலே அடுக்கி வைக்கிறவர்களும் உண்டாம். விலை ஏறட்டும் என்று காத்திருப்பார்கள். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நெல்லில் அந்த ஆட்களை எனக்குத் தெரியும். நாங்கள் போன சமயம் விலை விழுந்து கிடந்தது. பக்கத்துச் சுரங்கம் பூட்டு. காவல்காரன் மட்டும் இருந்தான். பின்னால் ஏறினதும் திறந்தார்கள். மண்ணுக்கடியில் கல் அதேதான் கிடந்தது. எண் மாறினது, ஆயிரம் பேருக்கு வேலை வந்தது.

டிரம் எங்கே போகிறது என்று கேட்டேன். கடல் தாண்டி ஒரு ஆலை. அங்கே திறந்து, மாதிரி எடுத்து, பொடியை வாயுவாக மாற்றுவார்கள். இன்னொரு ஆலையில் அந்த வாயுவைச் சுழற்றிச் சுழற்றி வடித்துச் சத்தைக் கூட்டுவார்கள். இன்னொன்றில் திரும்பவும் பொடியாக்கி, சுண்டுவிரல் நுனி அளவுக்கு வில்லையாக அழுத்திச் சுடுவார்கள். வில்லைகளைக் குழாயில் அடுக்கினால் அதுதான் எரிபொருள். நம் டிரம் எங்கள் ஊர் விளக்கு வரைக்கும் வருமா என்றேன். "சொல்ல முடியாது. முதல் ஆலையிலேயே எல்லார் சரக்கும் கலந்துடும். அப்புறம் கணக்கில்தான் உன்னுது, என்னுது" என்றாள்.

இவ்வளவு கேட்டேன். ஒன்றைக் கேட்கவில்லை.

டிரம் நிரம்பியதும் உடனே இறுக்கக் கூடாது என்று விதி. மூடியை மேலே சும்மா வைத்து, வெளியே கொட்டகையில் மூணு மணி நேரம் விடணும். அப்புறம்தான் வளையம் மாட்டி போல்ட் முடுக்கணும். நிரப்பின நேரம், மூடின நேரம் ரெண்டையும் தாளில் எழுதணும். ஏன் மூணு மணி நேரம்? நான் கேட்கவே இல்லை. சூடு ஆறட்டும் என்றுதான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். நெல்லையும் சூட்டோடு மூட்டை பிடிக்க மாட்டோம் அல்லவா. அதே மாதிரி.

இங்கே நம் ஊர் விஷயம் ஒன்று சொல்லணும்.

கொள்முதல் நிலையத்தில் இருந்தபோது ஒரு மாசி மாதம். சம்பா நெல் வந்து குவிந்து கிடந்தது. குத்தகைக்கு நிலம் பிடித்துப் பயிர் செய்த ஒரு அம்மா. காய்ந்த நெல், நல்ல நெல். மறுநாள் காலையில் அவர் முறை. சாயந்திரம் கிளம்பும்போது, குவியலுக்குத் தார்ப்பாய் போட்டுவிடச் சொன்னார். சரி என்றேன். மூட்டை அடுக்கிக் களைத்துப்போய் மறந்துவிட்டேன். மாசிப் பனி என்னவென்று உங்களுக்குத் தெரியும். காலையில் மீட்டரில் வைத்தால் ஈரம் பதினேழு சதவீத வரம்பைத் தாண்டி நிற்கிறது. எடுக்க முடியாது, காயவைத்து வாருங்கள் என்றார்கள். அந்த அம்மா ரெண்டு நாள் தார் ரோட்டில் நெல்லைப் பரப்பி, பஸ் வரும்போதெல்லாம் ஓரம் ஒதுக்கி, காலால் கிளறிக்கொண்டே நடந்தார். என்னைத் திட்டவில்லை. "மூடியிருந்தாப் போதுமேப்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அது எனக்குள் தங்கிவிட்டது. பனி என்றால் மூடு. கை தானாகப் போகும்.

ஆறாவது வருஷம் என்னை டிரம் ரூமுக்கு மேஸ்திரி ஆக்கினார்கள். பேர் வேறு, வேலை மேஸ்திரி வேலைதான். பதினோரு பேரும் என் பொறுப்பு. நேரத்தாளில் நான்தான் எழுதணும்.

அந்த வருஷப் பனிக்காலத்தில் கொட்டகையின் மேற்குப் பக்க ஷட்டர் பாதியில் மாட்டிக்கொண்டு நின்றது. சாமான் வரணும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் விடியும் நேரம். இருபத்திரண்டு டிரம் நிரப்பி வரிசையாக ஆறப் போட்டிருந்தோம். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கடல் பக்கமிருந்து பனி திரண்டு வந்தது. ஷட்டர் இடுக்கு வழியாகப் புகை மாதிரி உள்ளே புகுந்தது. டிரம் மூடிகளில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றது.

நான் பார்த்தது டிரம்மை இல்லை. தார் ரோட்டில் கிடந்த நெல்லைப் பார்த்தேன்.

டிரம் மேல் கை வைத்தேன். பனிக்கு இரும்பு குளிர்ந்திருந்தது. சூடு இல்லை, ஆறிவிட்டது, மூடலாம் என்று சொன்னேன். குமார் ஒரு தடவை கேட்டான், நேரம் ஆகலையே மாமா என்று. ஈரம் ஏறினால் அங்கே எடையில் கழிப்பான், மூடு என்றேன். பதினோரு பேரும் கை போட்டு அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் இறுக்கிவிட்டோம். நல்ல வேலை செய்த நிறைவு எனக்கு. தாளில் மூணு மணி நேரம் கழித்து மூடினதாக எழுதினேன். விதியை வைத்து யாராவது வாதம் செய்வார்கள், எதற்கு வம்பு என்று எழுதினேன். பொய் என்று அப்போது தோன்றவில்லை.

மறுநாள் கன்டெய்னரில் ஏற்றினோம். இருபத்தொன்று போனது. எடை அளவுக்கு மேல் போகக் கூடாது என்று ஒன்றை இறக்கி ஓரமாக வைத்தோம். லாரி துறைமுகத்துக்குப் போய்விட்டது.

அதற்கும் மறுநாள் காலை, அந்த ஒற்றை டிரம்மைத் தாண்டிப் போனேன். மூடி பூரி மாதிரி உப்பியிருந்தது.

நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்த காலி டிரம்மின் மூடியைத் தட்டினேன். சாதாரணச் சத்தம். இதைத் தட்டினேன். விறைப்பாகக் கேட்டது. உள்ளே காற்று அடைத்த பந்து மாதிரி. வளையத்தின் போல்ட் மேல் கை வைத்தேன். வைத்த கையை எடுத்துவிட்டேன்.

குமாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுற்றி வந்து பார்த்தான்.

"இது ஒண்ணுதானே மாமா. ஓரமா வச்சு மெதுவாத் திறந்துட்டா முடிஞ்சுது."

"மத்த இருபத்தொண்ணு?"

"அது நல்லாத்தான் இருக்கும்னு நினைச்சுக்குவோம்."

"அதே பொடி. அதே நேரம். மூடச் சொன்ன ஆளும் ஒண்ணு."

குமார் வாசல் பக்கம் யாராவது வருகிறார்களா என்று பார்த்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான். "இந்த மாசம் நம்ம ஆளுங்க அத்தனை பேருக்கும் கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும். வீடு லிண்டல் மட்டத்துல நிக்குது எனக்கு. கல்லு எடுத்தவனுக்கே பிளேன் ஏத்துனாங்க. தாள்ல வேற நேரம் எழுதியிருக்கீங்க. வாயத் திறந்தா பதினோரு பேரும் போவோம். திறக்கப் போறவன் எங்கேயோ இருக்கான். அவன் யாரு, உங்க பங்காளியா?"

அவன் சொன்னதில் தப்பு இல்லை. பதினோரு குடும்பம். எனக்கும் ஊரில் கடன் இல்லாவிட்டாலும் மகளுக்குப் படிப்பு இருந்தது. வீட்டில் குமாரின் அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்வது? துறைமுகத்தில் கப்பல் மறுநாள் காலை கிளம்புகிறது. இன்று சும்மா இருந்தால் போதும். எதுவும் செய்ய வேண்டாம். சும்மா இருப்பது அவ்வளவு சுலபமாக இருந்தது.

நான் நேராக மேலதிகாரி ஷிப்ட் பாஸிடம் போய்விட்டேன் என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். போகவில்லை. டீ குடித்தேன். கொட்டகையைக் கூட்டினேன். கூட்டின இடத்தையே திரும்பக் கூட்டினேன். அப்புறம் ஆய்வகத்துக்குப் போனேன்.

பவுண்டம்மா ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். வழக்கம்போல ஒரு கேள்வி கேட்க வந்த மாதிரி கேட்டேன். கடல் தாண்டி இருக்கிற அந்த ஆலையில் டிரம்மை யார் திறப்பார்கள்?

"என்னை மாதிரி ஒருத்தி" என்றாள். "அல்லது ஒருத்தன். போல்ட்டைத் தளர்த்தி, வளையத்தைக் கழட்டி, மூடியைத் தூக்கிட்டுக் குனிஞ்சு பார்ப்பாங்க. பொடி எப்படி இருக்குன்னு பார்க்கணும்ல."

குனிந்து என்று சொன்னபோது அவளும் லேசாகக் குனிந்து காட்டினாள். தலை மேசை மேல் வந்தது. அத்தனை நாளும் வாங்குகிறவன் மூஞ்சி தெரியவில்லையே என்று அலைந்தேன். அப்போது தெரிந்தது.

"ஏன் கேக்கற?" என்றாள்.

சொன்னேன். பனி, கை வைத்துப் பார்த்தது, தாளில் எழுதினது, உப்பின மூடி. எல்லாம்.

அவள் திட்டவில்லை. மூணு மணி நேரம் சூட்டுக்காக இல்லை என்றாள். எங்கள் சுரங்கத்தில் பொடி எடுக்கிற முறையில், காயவைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதிலிருந்து வாயு வந்துகொண்டே இருக்குமாம். கைக்குத் தெரியாது, கண்ணுக்குத் தெரியாது. வெளியேற வழி விடணும். அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும். திறக்கிறவன் போல்ட்டைத் தளர்த்தினதும் மூடி எகிறும். மூடி முகத்தில் அடிக்கும், பொடி மூக்கில் போகும். "ரெண்டுல எது முதல்லன்னுதான் தெரியாது" என்றாள். எழுந்து கோட்டை மாட்டினாள். "வா. நான் கூட வர்றேன். ஆனா நீதான் சொல்லணும்."

ஷிப்ட் பாஸ் பெரிய உடம்புக்காரர். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. அன்றும் போடவில்லை. எத்தனை டிரம் என்று கேட்டார். எப்போது மூடினாய் என்று கேட்டார். தாளை எடுத்து வைத்துப் பார்த்தார்.

"இதுல வேற நேரம் இருக்கு."

"அது பொய்."

"எழுதினது யாரு?"

"நான். மூடச் சொன்னதும் நான். அவங்க நான் சொன்னதைச் செஞ்சாங்க."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். போனை எடுத்தார். அவர் பேசினதில் எனக்குப் புரிந்தது ஒரே வார்த்தை, நிறுத்து.

மத்தியானத்துக்கு மேல் துறைமுகத்திலிருந்து செய்தி வந்தது. கன்டெய்னரை வரிசையிலிருந்து எடுத்துத் தனியாக வைத்துவிட்டார்கள். கப்பல் அது இல்லாமல் கிளம்பும். குமார் என்னோடு பேசவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். யாரும் தள்ளிப் போய் உட்கார் என்று சொல்லவில்லை. அப்படி அமைந்தது.

எனக்கு இன்னொரு கவலை. தேதி. சொன்ன தேதியில் சரக்கு இல்லையென்றால் கம்பெனிக்கு என்ன ஆகும்? எங்களால் சுரங்கமே மூடிவிடுமோ என்றுகூட நினைத்தேன். ஒன்றும் தெரியாதவனின் கணக்கு அது. மறுநாள் பவுண்டம்மாவிடம் கேட்டேன். சிரித்தாள். அது நேற்றே முடிந்துவிட்டது என்றாள். அந்த ஆலையில் வேறு ஒரு கம்பெனியின் சரக்கு கிடக்கிறது. போன் போட்டு அதில் நமக்கு வேண்டியதைக் கடனாகக் கேட்டார்கள். அவர்கள் ஏட்டில் பேரை மாற்றிக் கொடுத்தார்கள். அடுத்த கப்பலில் நம் சரக்கு போனதும் திரும்ப மாற்றிவிடுவார்கள். டிரம் ஒன்றும் நகரவில்லை. பேனா மட்டும் நகர்ந்தது.

எதற்குப் பயந்து எல்லோரும் ஓடுகிறார்களோ, அந்தத் தேதியை ஒரு போனில் சரிசெய்ய முடிகிறது. அங்கே குனிந்து பார்க்கப் போகிற அந்த ஆளை எந்த ஏட்டில் மாற்றுவது?

கன்டெய்னர் திரும்பி வந்தது. கதவைத் திறந்து டார்ச் அடித்தார்கள். இருபத்தொன்றில் பதினெட்டு மூடி உப்பியிருந்தது. திறக்கணும். யார் திறப்பது? நான் திறக்கிறேன் என்றேன். ஷிப்ட் பாஸ் தலையாட்டினார்.

முழு மாஸ்க், கண்ணாடி, ரெண்டு அடுக்குக் கையுறை. ஒவ்வொரு மூடிக்கும் மேலே குறுக்காகச் சங்கிலி போட்டுக் கட்டினோம். பக்கவாட்டில் நின்று, கையை மட்டும் நீட்டி, போல்ட்டைக் கால் சுற்று. நிறுத்து. சீறும். சீறி முடிந்ததும் இன்னொரு கால் சுற்று. ஒரு டிரம்முக்கு அரை மணி நேரம் ஆனது. ஆறு டிரம் அப்படியே போனது. ஏழாவதில் வளையம் வழுக்கியது. கொட்டகையே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். மூடி எகிறிச் சங்கிலியில் மோதி நின்றது. என் முகக் கண்ணாடி முழுக்க மஞ்சள். ஒன்றும் தெரியவில்லை. யாரோ பின்னாலிருந்து தோளைப் பிடித்து இழுத்தார்கள். கண்ணாடியைத் துடைத்ததும் பார்த்தேன். குமார். அவன் வேலை இல்லை அது. அவனுக்கு அன்று ஓய்வு நாள், ஆனாலும் மாஸ்க் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

"மிச்சத்தை நான் பாக்கறேன், நகருங்க" என்றான். நான் நகரவில்லை. ரெண்டு பேரும் சேர்ந்து திறந்தோம். மூணு நாள் ஆனது.

அந்த வாரம் என் பாட்டிலில் பொடி காட்டியது. ஒரு மாதம் டிரம் ரூமுக்கு வெளியே வைத்தார்கள். தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் சரியாகிவிட்டது.

யாரையும் ஊருக்கு அனுப்பவில்லை. கான்ட்ராக்ட் பதினோரு பேருக்கும் புதுப்பித்தார்கள். குமார் வீட்டுக்குக் கூரை போட்டுவிட்டான். என்னிடமிருந்து மேஸ்திரி வேலையை எடுத்துவிட்டார்கள். கூப்பிட்டு, தப்பாக மூடினதற்கு இல்லை, தாளில் பொய் எழுதினதற்கு என்று சொன்னார்கள். அது நியாயம். மூடினது அறியாமல் செய்தது. எழுதினது அறிந்து செய்தது.

புது மேஸ்திரி யார் தெரியுமா? குமார்தான். மிச்சம் இருந்த வருஷங்கள் முழுக்க அவன் கீழேதான் வேலை செய்தேன். "என்ன பழைய மேஸ்திரி, போல்ட் முடுக்கலாமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பான். நான் மணியைப் பார்த்துச் சொல்லணும். அவனுக்கு வாட்ச் இல்லாமல் இல்லை.

தம்பிகளா, சந்தை எப்படி, விலை எங்கே, கேளுங்கள். ருசியான விஷயம். எனக்கு இன்னும் ருசிதான். பேப்பரில் யுரேனியம் என்று வந்தால் பேத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்கிறேன். ஆனால் உங்கள் கை எதைத் தொடுகிறதோ, அது ஏன் என்று முதலில் கேளுங்கள். நெல் தெரியும், அதனால் இது தெரியும் என்று நினைக்காதீர்கள். எனக்குத் தெரிந்ததுதான் என்னைக் கெடுத்தது.

இன்னொரு காலையைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

குமார் மேஸ்திரி ஆன பிறகு அடுத்த பனிக்காலம். ஷட்டர் சரிசெய்து மறுபடி கெட்டுப்போயிருந்தது. விடியும் நேரம், கொட்டகையில் டிரம் வரிசை, மூடிகள் சும்மா வைத்தபடி. கடல் பக்கமிருந்து பனி வந்தது. இடுக்கு வழியாக உள்ளே நுழைந்து வரிசை மேல் படர்ந்தது. மூடிகளில் தண்ணீர் நின்றது. என் கை ரெண்டும் சும்மா இருக்க மாட்டேன் என்றது. கட்டிக்கொண்டேன். குமார் என்னைப் பார்த்தான். அவனும் ஒரத்தநாட்டுக்காரன்தானே. அவன் கையும் இடுப்பில் நிற்காமல் தவித்தது.

"எவ்வளவு நேரம் ஆச்சு?" என்றான்.

"ஒண்ணேகால் மணி."

ஈரம் ஏறினால் ஏறட்டும், எடையில் கழித்தால் கழிக்கட்டும் என்று ரெண்டு பேரும் மூடாமல் நின்றோம். பனி எங்கள் சட்டையையும் நனைத்தது. இன்னும் ஒண்ணே முக்கால் மணி நேரம் இருந்தது.